கடைமடைக்கு வருதா?

"யாரு இப்ப நெட்டை ஆன் பண்ணது?"

முன்கூடத்திலிருந்து இந்தக் குரல் வந்தால் போதும். அடுப்படிக்குப் பின்னால் இருக்கிற சின்ன அறையில் ஒரு லேப்டாப் சத்தமில்லாமல் மூடிக்கொள்ளும்.

2020 ஜூலை மாதம். குறிஞ்சிப்பாடியில், தறிச் சத்தம் கேட்கிற தெரு ஒன்றில் இருக்கும் அந்த வீட்டில் இது அன்றாடக் காட்சி. குரல் கொடுத்தது மூத்த மகன். சென்னையில் ஐ.டி. வேலை. மார்ச் மாதம் ஊரடங்கு அறிவித்ததும் மனைவியையும் நான்கு வயது மகளையும் அழைத்துக்கொண்டு ஊருக்கு வந்தவன். 'பதினைந்து நாள்தானே' என்று இரண்டு பைகளோடு வந்தவர்கள், நான்கு மாதமாகியும் திரும்பவில்லை.

லேப்டாப்பை மூடியது அவன் மனைவி. அந்த வீட்டின் மருமகள்.

வீட்டுக்கு வருகிற இணைப்பு ஒன்று. அதைப் பங்கு போட ஆள் நிறைய. மூத்தவனுக்கு ஆபீஸ் லேப்டாப். பொறியியல் கடைசி வருடம் படிக்கிற இளையவனுக்கு ஆன்லைன் வகுப்பு. பேத்திக்கு எல்கேஜி. அதுவும் ஆன்லைனில்தான்! டீச்சர் அந்தப் பக்கம் பாட்டுப் பாட, இந்தப் பக்கம் குழந்தை திரைக்கு முத்தம் கொடுத்துக்கொண்டிருக்கும். மாமியாருக்குச் சிங்கப்பூரில் இருக்கும் மகளோடு வீடியோ காலில் பேசியாக வேண்டும். இதெல்லாம் போக மீதி இருந்தால் மருமகளுக்கு.

மருமகளுக்கு நெட் எதற்கு என்று வீட்டில் யாரும் வாய்விட்டுக் கேட்டதில்லை. கேட்காததாலேயே அவளும் சொன்னதில்லை.

சிதம்பரத்தில் பி.எஸ்சி. கணிதம் படித்தவள் அவள். 2012-ல் பிளஸ் டூ முடித்தபோது அரசு கொடுத்த விலையில்லா லேப்டாப் இன்னும் அவளிடம் இருந்தது. பேட்டரி செத்துப்போய், சார்ஜரைப் பிடுங்கினால் அணைந்துவிடும். ஆனாலும் ஓடியது. குரூப் 4 தேர்வுக்குத் தயாராகிக்கொண்டிருந்தாள். ஆறாம் வகுப்பு முதல் பத்தாம் வகுப்பு வரைக்கும் உள்ள பாடப்புத்தகங்களை இறக்கிப் படிப்பது, தமிழ் இலக்கணத்துக்கும் பொது அறிவுக்கும் வகுப்பு நடத்துகிறவர்களின் வீடியோவைப் பார்ப்பது, மாதிரித் தேர்வு எழுதுவது. சென்னையில் இருந்தவரை குழந்தை தூங்கும் நேரத்தில் இதெல்லாம் நடந்தது. இங்கே வந்த பிறகு, மாதிரித் தேர்வில் நாற்பதாவது கேள்வியிலேயே சக்கரம் சுற்ற ஆரம்பித்துவிடும். சுற்றிக்கொண்டே இருக்கும்.

அதைவிட வேதனை, அவள் லேப்டாப்பைத் திறந்தால் மற்றவர்களுக்கும் வேகம் குறைந்தது. அது உண்மைதான். மூத்தவன் சும்மா சொல்லவில்லை. ஒருமுறை வெளிநாட்டு வாடிக்கையாளரோடு பேசிக்கொண்டிருக்கும்போது அவன் குரல் துண்டு துண்டாகப் போய், மேலதிகாரி மறுநாள் கேட்டுவிட்டார். வேலை போகிறவர்களின் கதையைத் தினமும் கேட்கிற காலம் அது. அவனுக்கும் பயம்.

"உனக்கே தெரியும்ல? நீ ஆன் பண்ணா எல்லாருக்கும் ஸ்லோ ஆவுது. ராத்திரி பாத்துக்கயேன்."

கோபமாகக்கூடச் சொல்லவில்லை. கெஞ்சுவது மாதிரிதான் சொன்னான்.

* * *

அந்த வீட்டுக்கு நெட் ஒன்றும் புதிதில்லை. இந்தியாவில் பொதுமக்களுக்கு இணையச் சேவை தொடங்கியது 1995 ஆகஸ்ட் 15 அன்று. பத்து வருடம் கழித்து, 2005 ஜனவரியில் பி.எஸ்.என்.எல். தன் பிராட்பேண்ட் சேவையைத் தொடங்கியது. அந்த வீட்டு லேண்ட்லைனில் அது வந்து சேர்ந்தது 2008-ல். அப்போது மூத்தவன் கல்லூரி மாணவன். இரவு 2 மணியிலிருந்து காலை 8 மணி வரை எவ்வளவு இறக்கினாலும் கணக்கில்லை என்பதால், அலாரம் வைத்து எழுந்து படங்களை டவுன்லோடுக்குப் போட்டுவிட்டுத் திரும்பப் படுத்துக்கொள்வான்.

2010-ல் அவனுக்கு ஒரு லேப்டாப் வந்தது. அப்போதுதான் வீட்டில் முதல் சண்டை. கூடத்தில் இருந்த பழைய கம்ப்யூட்டரில் தங்கை உட்கார்ந்திருந்தால் இவனுக்கு நெட் கிடையாது. இவன் வயரைப் பிடுங்கி லேப்டாப்பில் செருகினால் அவள் கத்துவாள். அன்றைக்குப் பல வீடுகளில் மோடம் அப்படித்தான் அமைக்கப்பட்டிருந்தது. கம்ப்யூட்டர்தான் பயனர் பெயரும் பாஸ்வேர்டும் கொடுத்து 'டயல்' செய்ய வேண்டும். மோடம் வெறும் பாலம். பாலத்தில் ஒரு நேரத்தில் ஒருவர்தான் போகலாம்.

நண்பன் ஒருவன் சொல்லிக்கொடுக்க, மூத்தவன் பிரவுசரில் 192.168.1.1 என்று அடித்து மோடத்துக்குள் போனான். பயனர் பெயரையும் பாஸ்வேர்டையும் கம்ப்யூட்டரிடமிருந்து எடுத்து மோடத்திடமே கொடுத்தான். அதுவரை பாலமாக இருந்த பெட்டி, அன்று முதல் வீட்டுக்குப் பொதுவான வாசல்காரன் ஆனது. பிறகு வைஃபை உள்ள மோடம் ஒன்றை வாங்கி மாட்டினான். இரண்டு கம்ப்யூட்டரிலும் ஒரே நேரத்தில் நெட். தங்கை அன்று அவனுக்குக் கேசரி கிண்டிக் கொடுத்தாள்.

ஒரு இணைப்பில் பல கம்ப்யூட்டர்கள் எப்படி ஓடுகின்றன? இணையத்தில் ஒவ்வொரு கருவிக்கும் ஒரு முகவரி வேண்டும். பழைய முறையில் மொத்தம் சுமார் 429 கோடி முகவரிகள்தான் உண்டு. உலகத்துக்கே இது போதாது என்பது 1990-களின் தொடக்கத்திலேயே தெரிந்துவிட்டது. அதற்கு ஒரு வழியை 1994 மே மாதம் கெல்ட் எகேவாங், பால் ஃபிரான்சிஸ் என்ற இருவர் எழுதி வைத்தார்கள். தெருவுக்குத் தெரிவது வீட்டின் கதவு எண் மட்டும். உள்ளே எத்தனை பேர் இருக்கிறார்கள் என்பது தெருவுக்குத் தெரிய வேண்டியதில்லை. உள்ளேயிருந்து யார் என்ன கேட்டார்கள் என்பதை வாசலில் நிற்கும் பெட்டி ஒரு பட்டியலில் குறித்து வைத்துக்கொள்ளும். பதில் வந்ததும் பட்டியலைப் பார்த்து, கேட்டவரிடம் சரியாகக் கொண்டுபோய்ச் சேர்க்கும். வீட்டுக்குள் புழங்குவதற்கென்றே சில எண்களை ஒதுக்கி வைத்தார்கள். 192.168 என்று தொடங்குவது அந்த வகை. அதனால்தான் குறிஞ்சிப்பாடி வீட்டிலும் கோலாலம்பூர் வீட்டிலும் ஒரே எண்ணை அடித்தால் அவரவர் வீட்டுப் பெட்டி திறக்கிறது.

அந்தப் பெட்டிக்கு மூத்தவன், இளையவன், மாமியார், மருமகள் என்ற பேதமெல்லாம் கிடையாது. யார் கேட்டாலும் குறித்துக்கொள்ளும். யார் கேட்டாலும் கொண்டுவந்து கொடுக்கும்.

2011 டிசம்பர் 30 அன்று வீசிய தானே புயலில் கடலூர் மாவட்டமே கந்தலானது. முந்திரியும் பலாவும் வேரோடு சாய்ந்தன. கம்பங்களோடு தொலைபேசி வயரும் போயிற்று. பிறகு சரியானாலும் அந்த வீட்டில் அதன் மேல் இருந்த ஆர்வம் போய்விட்டது. மகள் கல்யாணமாகிச் சிங்கப்பூர் போனாள். 2016-ல் செல்போனில் நெட் மலிவானதும் வைஃபை மோடம் பரணுக்குப் போனது. 2019-ல் கேபிள் டிவிக்காரர் மூலமாகக் கண்ணாடி இழை இணைப்பு வந்தது. 50 எம்.பி.பி.எஸ். பழைய டெலிபோன் ஸ்டூல் இருந்த அதே இடத்தில், முன்கூடத்து மூலையில், புதுப் பெட்டியை மாட்டிவிட்டுப் போனார்கள். வயர் உள்ளே வருகிற இடம் அதுதான். வேறெங்கே வைக்கலாம் என்று அன்றைக்கு யாரும் யோசிக்கவில்லை.

* * *

முதலில் முறை வைத்துப் பார்த்தார்கள். காலை 9 முதல் 11 வரை பேத்தியும் இளையவனும். 11 முதல் 1 வரை மூத்தவன் மட்டும். சாயங்காலம் மாமியார். அட்டவணையை இளையவன் அழகாக எழுதிக் காலண்டருக்குப் பக்கத்தில் ஒட்டினான். மூன்றாம் நாளே ஆபீஸ் மீட்டிங் 9 மணிக்கு மாறியது. கல்லூரியில் திடீர்த் தேர்வு வைத்தார்கள். பேத்தி, பாட்டு வேண்டுமென்று டிவியில் யூடியூப் போடச் சொல்லித் தரையில் உருண்டாள். அட்டவணை ஒட்டியபடியே இருந்தது. அதை யாரும் பார்க்கவில்லை.

அந்த அட்டவணையில் மருமகளுக்குக் கொடுத்திருந்த நேரம் இரவு 11 மணிக்கு மேல்.

அவள் அதையும் ஏற்றுக்கொண்டாள். பாத்திரம் கழுவி, குழந்தையைத் தூங்கவைத்து, மறுநாள் மாவுக்கு உளுந்து ஊறப்போட்டுவிட்டு லேப்டாப்பைத் திறப்பாள். வீடே தூங்கும். நெட்டில் அவள் ஒருத்திதான். அப்போதும் வீடியோ திக்கித் திக்கித்தான் ஓடியது.

மூன்றாவது இரவில்தான் அவளுக்கு அது உறைத்தது. 'யாரும் பங்குக்கு வராத நேரத்திலும் எனக்கு ஏன் வரவில்லை?'

கணக்குப் படித்தவள் இல்லையா? மறுநாள் மதியம் குழந்தையின் பழைய நோட்டு ஒன்றை எடுத்தாள். ஒரு வீடியோ வகுப்புக்கு இரண்டு மூன்று எம்.பி.பி.எஸ். இருந்தால் தாராளம். மூத்தவனுக்கு 3, இளையவனுக்கு 3, பேத்திக்கு 3, மாமியாரின் வீடியோ காலுக்கு 3, அவளுக்கு 3. டிவியில் யூடியூப் ஓடினால் அதற்கு ஒரு 5. எல்லோரும் ஒரே நேரத்தில் உட்கார்ந்தாலும் மொத்தம் 20. வீட்டுக்கு வருவதோ 50. அப்படியென்றால் பற்றாக்குறையே இல்லை!

செல்போனை எடுத்துக்கொண்டு அறை அறையாகப் போனாள். ஒவ்வோர் இடத்திலும் மூன்று முறை வேகத்தைச் சோதித்துச் சராசரி எடுத்தாள். வீட்டின் வரைபடத்தைப் போட்டு, அந்தந்த இடத்தில் எண்ணை எழுதினாள்.

முன்கூடம் 46. மூத்தவன் வேலை பார்க்கிற முன்னறை 41. மாடியில் இளையவன் அறை 22. தாழ்வாரம் 17. அடுப்படி 4. பின்னறை 0.8.

அந்தப் பின்னறை ஒரு காலத்தில் நெல் மூட்டை அடுக்கிய அறை. முன்கூடத்திலிருந்து அங்கே போக, சுண்ணாம்புக் காரை போட்ட ஒன்றரை அடிச் சுவர்கள் மூன்றைத் தாண்ட வேண்டும். நடுவில் ஒரு இரும்பு பீரோ, ஒரு ஃபிரிட்ஜ். வைஃபையும் ரேடியோ அலைதான். கனமான சுவர் ஒவ்வொன்றும் அதில் கொஞ்சம் விழுங்கும். இரும்போ, பட்டதைத் திருப்பி அனுப்பிவிடும். இப்போதைய பெட்டிகளில் இரண்டு அலைவரிசை உண்டு. 5 கிகாஹெர்ட்ஸ் வேகமானது, ஆனால் சுவரைக் கண்டால் சோர்ந்துவிடும். 2.4 கிகாஹெர்ட்ஸ் கொஞ்சம் மெதுவானது, ஆனால் சுவரை ஓரளவு தாண்டும். அவளுடைய பழைய லேப்டாப்புக்கு 2.4 மட்டும்தான் தெரியும்.

இளையவனிடம் நோட்டைக் காட்டினாள். அவன் அதைப் புரட்டிப் பார்த்துவிட்டுத் தலையைச் சொறிந்தான்.

"அண்ணி, அப்ப நீங்க ஆன் பண்ணா எங்களுக்கு ஏன் ஸ்லோ ஆவுது? நீங்க எடுக்கிறதே ஒண்ணு கூட இல்லயே!"

அன்று ராத்திரி அவனே தேடிப் படித்து விடையோடு வந்தான். ஒரே பெட்டியில், ஒரே அலைவரிசையில் இருக்கும் எல்லோருக்கும் காற்று ஒன்றுதான். ஒரு நேரத்தில் ஒருவர்தான் பேச முடியும். மற்றவர்கள் காத்திருக்க வேண்டும். பக்கத்தில் இருக்கும் கருவி சட்டென்று பேசி முடித்துவிடும். தூரத்தில், சிக்னல் மெலிந்த இடத்தில் இருக்கும் கருவியோ அதே சேதியை மெல்ல மெல்லச் சொல்லும். காதில் விழாவிட்டால் திரும்பவும் சொல்லும். அது பேசி முடிக்கும்வரை பக்கத்தில் இருப்பவரும் காத்திருக்கத்தான் வேண்டும். ரேஷன் கடை வரிசையில் ஒருவருக்குக் கைரேகை விழவில்லை என்றால், பின்னால் நிற்பவர் எவ்வளவு அவசரக்காரராக இருந்தாலும் நிற்க வேண்டியதுதானே? அதுபோல.

முன்னறைப் பக்கம் சில நேரம் 5-ம், சில நேரம் 2.4-ம் மாறி மாறிப் பிடித்தது. 2.4-ல் பிடித்த நேரத்திலெல்லாம் மூத்தவனின் குரல் துண்டானது. காரணம் அவள் அதிகம் எடுத்தது இல்லை. அவளுக்குக் கிடைத்தது அவ்வளவு குறைவு என்பதுதான்.

* * *

சாப்பாடு முடிந்து பெரியவர் தாழ்வாரத்தில் ஈஸி சேரில் சாய்ந்திருந்த நேரம். மருமகள் நோட்டைக் கொண்டுபோய் நீட்டினாள். அவரிடம் அவள் அதிகம் பேசியதில்லை. "மாமா, இதைக் கொஞ்சம் பாருங்க" என்றதோடு நிறுத்திக்கொண்டாள்.

பெரியவர் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டார். நெட்டைப் பற்றி அவருக்கு ஒன்றும் தெரியாது. ஆனால் அந்தப் படம் தெரிந்தது. அவருக்குப் பெருமாள் ஏரிப் பாசனத்தில் ஒன்றரை ஏக்கர். வாய்க்காலின் வாலில் இருக்கிற நிலம். ஏரி நிரம்பி, மதகு திறந்து, தண்ணீர் வருகிறது வருகிறது என்று ஊரே சொல்லும். அவர் வயலுக்கு வராது. தலைமடையில் பாய்ந்து, நடுமடையில் பாய்ந்து, மிச்சம் கசிவாக வந்து சேரும். டார்ச் லைட்டும் மண்வெட்டியுமாக வாய்க்கால் கரையில் அவர் கழித்த இரவுகள் கொஞ்சநஞ்சமில்லை.

முன்கூடத்து எண்ணில் விரலை வைத்தார். அப்படியே சுவர் சுவராகத் தாண்டிப் பின்னறைக்கு வந்தார்.

"இங்க நாப்பத்தாறு. இங்க ஒண்ணு கூட இல்லயா?"

"ஆமாங்க மாமா."

"ஏரியில தண்ணி இருக்கு. கடைமடைக்கு வரல. அப்படித்தானே?"

அவள் தலையாட்டினாள். பெரியவர் கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு முன்னறையைப் பார்த்து மூத்தவனைக் கூப்பிட்டார்.

"ஏம்ப்பா, ராத்திரி பதினோரு மணிக்கு மேல பாத்துக்கச் சொன்னியாமே? எனக்கும் அப்படித்தான் சொல்லுவாங்க. 'நீ ராத்திரி கட்டிக்க'ன்னு. ராத்திரி போனா வாய்க்கால்ல சேறுதான் இருக்கும்."

மூத்தவன் நோட்டை வாங்கிப் பார்த்தான். நாள் முழுக்க கம்ப்யூட்டரோடு இருப்பவன். அந்தப் பக்கத்தைப் படிக்க அவனுக்கு ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. ஆனால் நான்கு மாதமாக அவன் ஒருமுறைகூடப் பின்னறைக்குப் போய் சிக்னல் எப்படி இருக்கிறது என்று பார்த்ததில்லை. அது அவனுக்கே அப்போதுதான் தெரிந்தது.

"நான் வேணும்னு சொல்லலப்பா..."

"தெரியும்டா. தலைமடைக்காரனும் கெட்டவன் இல்ல. அவன் வயலு அங்க இருக்கு. தண்ணி கால நனைக்கிறப்ப பின்னாடி திரும்பிப் பாக்கத் தோணாது."

பிறகு மருமகளிடம் திரும்பினார். "என்னம்மா படிக்கிற?"

குரூப் 4 என்றாள். நான்கு மாதத்தில் அந்த வீட்டில் அவளிடம் யாரும் கேட்காத கேள்வி அது. மாமியார் அடுப்படி வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்தார். "சொல்லவே இல்லயே நீ" என்றார். அதில் கொஞ்சம் வருத்தமும் இருந்தது.

* * *

முறை வைத்து ஆகாதது, வாய்க்கால் வெட்டி ஆனது.

இளையவன் பரணில் ஏறி, தூசி படிந்த அந்தப் பழைய வைஃபை மோடத்தை எடுத்து வந்தான். டெலிபோன் வயர் இல்லாமல் அது எதற்கு என்றார் மாமியார். அதற்கும் ஒரு வேலை இருந்தது. பழைய மோடத்தை நடுவீட்டில் வைத்து, முன்கூடத்துப் பெட்டியிலிருந்து ஒரு லேன் வயரை இழுத்து அதில் செருகிவிட்டால், அது இன்னொரு வைஃபை வாசலாக வேலை செய்யும். வயர் வழியே போகும்போது சுவர் குறுக்கிடாது. லேன் வயர் நூறு மீட்டர் வரை சோர்வில்லாமல் கொண்டுபோகும். வீட்டுக்குத் தேவைப்பட்டது பதினெட்டு மீட்டர்தான்.

செய்ய வேண்டியவை மூன்றே வேலை. பழைய மோடத்தின் முகவரியை 192.168.1.2 என்று மாற்றினான். புதுப் பெட்டியும் அதே 192.168.1.1-ல் இருந்தால் இரண்டும் முட்டிக்கொள்ளும். அடுத்து, கருவிகளுக்கு எண் கொடுக்கிற வேலையைப் பழைய மோடத்தில் நிறுத்தினான். ஒரு வீட்டில் இரண்டு பேர் எண் கொடுத்தால் குழப்பம்தான் மிஞ்சும். மூன்றாவதாக, வயரை அதன் லேன் துளையில் செருகினான். பெயரையும் பாஸ்வேர்டையும் முன்கூடத்துப் பெட்டிக்கு இருப்பது போலவே வைத்தான். இரண்டும் வேறு வேறு சேனலில் பேசும்படி அமைத்தான். ஒன்று பேசும்போது மற்றொன்று காத்திருக்க வேண்டாம்.

கடலூரிலிருந்து வர வேண்டிய வயருக்கு, ஊரடங்கில் ஒன்பது நாள் ஆனது. வெண்டிலேட்டர் வழியாக விட்டு, உத்தரத்தை ஒட்டி ஆணி அடித்து, தாழ்வாரத்தின் மறுகோடி வரை கொண்டுவந்தது மூத்தவன்தான். ஏணியைப் பிடித்துக்கொண்டது மருமகள். அடுப்படிக்கும் பின்னறைக்கும் நடுவே, சுவரில் சாமி மாடத்துக்குப் பக்கத்தில் பழைய மோடம் உட்கார்ந்தது.

அன்று சாயங்காலம் அவள் மறுபடியும் அறை அறையாகப் போனாள். முன்கூடம் 46. அடுப்படி 31. பின்னறை 24. நோட்டில் பழைய எண்ணுக்குப் பக்கத்திலேயே புது எண்ணை எழுதினாள். மறுநாள் காலை எல்லோரும் ஒரே நேரத்தில் உட்கார்ந்தார்கள். முன்கூடத்திலிருந்து குரல் வரவில்லை.

இதனால் வீட்டில் எல்லாம் மாறிவிட்டது என்று சொல்ல முடியாது. பாத்திரம் அப்படியேதான் விழுந்தது. உளுந்தும் ஊறியது. ஆனால் 11 மணி என்பது பகல் 11 மணியானது. அவள் மாதிரித் தேர்வு எழுதும் ஒன்றரை மணி நேரம் பேத்தியைப் பார்த்துக்கொள்வது பெரியவரின் பொறுப்பானது. எல்கேஜி டீச்சர் பாடச் சொன்ன பாட்டுக்கெல்லாம் அவரும் கை தட்டினார்.

இன்னொன்றும் நடந்தது. எதிர்வீட்டில் தறி போடுகிறவர் வீட்டுப் பெண் பத்தாம் வகுப்பு. அரசுப் பள்ளி. பள்ளி மூடிக் கிடந்தது. கல்வித் தொலைக்காட்சியில் பாடம் வந்தாலும், வாத்தியார் வாட்ஸ்அப்பில் அனுப்புகிற வினாத்தாளை இறக்க அவர்கள் வீட்டு போனில் டேட்டா இருக்காது. கைலிக்கு ஆர்டர் நின்றுபோன மாதங்கள் அவை. அந்தப் பெண் திண்ணையோரம் வந்து நிற்பதைப் பார்த்து முதலில் பேசியவர் மாமியார்தான். "அவளுக்கும் அந்தக் கடைமடையில ஒண்ணு போட்டுக் குடுங்களேன்" என்றார்.

வீட்டு பாஸ்வேர்டை வெளியில் கொடுக்க இளையவன் தயங்கினான். தயக்கம் நியாயமானது. நம் இணைப்பில் யார் என்ன செய்தாலும் கேள்வி வருவது நம் பெயருக்குத்தான். பெரும்பாலான பெட்டிகளில் 'கெஸ்ட்' என்று தனியாக ஒரு வைஃபை திறக்கிற வசதி இருக்கிறது. அதில் வருகிறவர் இணையத்துக்குப் போகலாம், வீட்டு கம்ப்யூட்டர்களுக்குள் எட்டிப்பார்க்க முடியாது. முன்கூடத்துப் பெட்டியில் அதைத் திறந்து, தனி பாஸ்வேர்டு வைத்து, திண்ணைக்கு மட்டும் கொடுத்தான். அந்தப் பெண் சாயங்காலம் வந்து உட்கார்ந்து படித்துவிட்டுப் போகும்.

* * *

மூத்தவன் குடும்பம் மறுவருடக் கடைசியில் சென்னைக்குத் திரும்பியது. குரூப் 4 தேர்வு 2022 ஜூலை 24 அன்று நடந்தது. தமிழ்நாடு முழுக்க 18 லட்சம் பேருக்கு மேல் எழுதினார்கள். அவளும் எழுதினாள். இருநூறு கேள்விகளில் நூறு தமிழ். அந்தப் பகுதி அவளுக்கு நன்றாகவே வந்தது. 2023 மார்ச்சில் முடிவு வந்தபோது, கலந்தாய்வுக்கு அழைக்கிற எல்லைக்குக் கொஞ்சம் கீழே நின்றாள்.

அன்று இரவு பெரியவர் போன் செய்தார். "கடைமடையில ஒரு போகம் போனா அடுத்த போகம் போடாம இருக்க மாட்டோம்மா" என்றார். 2024 ஜூன் 9 அன்று அவள் மறுபடியும் எழுதினாள்.

இந்தப் பொங்கலுக்கு எல்லோரும் குறிஞ்சிப்பாடியில் கூடினார்கள். சிங்கப்பூர் மகளும் குழந்தைகளோடு வந்திருந்தாள். வீட்டில் லேப்டாப் மட்டும் நான்கு. போன்களைக் கணக்கெடுக்க முடியாது. மதியம் முன்கூடத்தில் சிங்கப்பூர்ப் பேரன் டேப்லெட்டை ஆட்டிக்கொண்டே, "தாத்தா, நெட் ஸ்லோவா இருக்கு!" என்றான்.

பெரியவர் ஈஸி சேரிலிருந்து எழுந்திருக்கவில்லை. அடுப்படிப் பக்கம் திரும்பிச் சத்தமாகக் கேட்டார்.

"பாப்பா, கடைசி ரூமுக்கு வருதா பாரு?"

"வருதுங்க மாமா" என்று பதில் வந்தது.

"அப்ப சரி" என்று கண்ணை மூடிக்கொண்டார்.